பொக்கற் தைத்த கோட்டுகள்

மிஸ்ஸிடம் ஒரு பழக்கம் இருந்தது. அது நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று இன்றுவரை என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. எவரிடமும் அவரவர் கதையைக் கேட்கமாட்டார். தாங்களாகச் சொல்ல வந்தாலும் விடமாட்டார். மேசையில் ஒரு அலுமினியச் சட்டி மூடியும் கரண்டியும் எப்போதும் கிடக்கும். யாராவது ஒரு பிள்ளை எழும்பி, "என்ர அம்மா பட்ட கஷ்டம் இருக்கே..." என்று தொடங்கினால் 'டங்' என்று ஒரு அடி விழும்.

"அது கிடக்கட்டும். நீ என்ன படிக்கப்போறாய்? அதைச் சொல்லு."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு அந்த நாட்களில் சிரிப்பும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை. நான் மூலையில் இருந்து அவருடைய கடிதங்களை ரைப் பண்ணுவேன்.

அவர் கதைத்தது கரீபியன் தீவுகளின் இழுவையுள்ள ஆங்கிலம். அதை நான் விளங்கிக்கொண்டது யாழ்ப்பாணத் தமிழில். ஆகவே இங்கே மிஸ் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைப்பார். அவருடைய பிள்ளைகளும் அப்படித்தான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பெயரையும் எழுதவில்லை. எல்லோருக்கும் அவர் மிஸ்தான். எந்தத் தீவு என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஜமேக்கா என்றார்கள் சிலர், பார்படோஸ் என்றார்கள் வேறு சிலர். விரலில் ஒரு கல்லூரியின் முத்திரை போட்ட தடித்த மோதிரம் இருந்தது. அதைப் பற்றி ஒருமுறை ஒரு பிள்ளை கேட்டபோது, மிஸ் கரண்டியை எடுத்துத் தனக்குத்தானே ஒரு 'டங்' அடித்துக்கொண்டார்.

மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில்தான் அவருடைய அலுவலகம். உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்து அறை. உலர்த்துகிற மெஷின்களின் சூடு சுவரால் வரும். எந்நேரமும் சவர்க்கார வாசம். வாசலில் பெயர்ப் பலகைகூட இல்லை. சங்கம் என்று பதிந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சங்கம் செய்த வேலை ஒன்றே ஒன்று. மொன்றியலில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பிள்ளைகளை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் உள்ள சில கல்லூரிகளுக்கு அனுப்புவது. வெள்ளைக்காரரின் கல்லூரிகள் கறுப்பினத்தவரைப் படியேற விடாத காலத்தில், அவர்களுக்கென்றே தொடங்கிய கல்லூரிகள் அவை. இன்றைக்கும் நடக்கின்றன. விண்ணப்பம் எழுத உதவி, பணம் தருகிற ஆட்களைப் பிடிப்பது, பஸ் ரிக்கெற், இடையிடையே ஒரு பார்சல். "இஞ்சயே இவ்வளவு பெரிய யூனிவர்சிற்றி பக்கத்தில கிடக்கேக்க ஏன் மிஸ் அவ்வளவு தூரம்?" என்று நான் கேட்டேன்.

"இஞ்ச வகுப்பில இந்தப் பிள்ளை ஒருத்திதான் கறுப்பு. ஏதாவது ஒண்டு நடந்தால் எல்லாரும் திரும்பி அவளைப் பாப்பினம், அவள் விளக்கம் சொல்ல வேணும். அங்க நாலு வருசம் ஒருத்தருக்கும் ஒரு விளக்கமும் சொல்லாமல் இருந்து படிக்கலாம். அது என்ன சுகமெண்டு உமக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒரு விளக்கமும் சொல்லாமல்தான். காலையில் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. ஒரு மத்தியானம் உடுப்புக் கூடையோடு மெஷின் முடியும்வரை நின்றேன். பக்கத்து அறையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "உமக்கு ரைப் பண்ணத் தெரியுமோ?" தெரியும் என்றேன். "அப்ப வாரும்." இந்த ஊருக்கு வந்த பிறகு 'நீ எந்த நாடு, ஏன் வந்தாய்' என்று கேட்காமல் என்னோடு கதைத்த முதல் ஆள் அவர். அன்றைக்கே நான் வேலைக்குச் சேர்ந்தேன். ஈர உடுப்பு மெஷினுக்குள்ளேயே கிடந்து மணக்கத் தொடங்கிவிட்டது.

வில்லரேயில் இருக்கிற மச்சாள், என் கணவரின் தங்கை, கேள்விப்பட்டுப் போன் எடுத்தா. "உங்களுக்கு வேற இடம் கிடைக்கேல்லையோ அண்ணி? எங்கட பிள்ளையள் எத்தினை பேர் கஷ்டப்படுதுகள். போயும் போயும் கறுவல் பிள்ளையளுக்கோ?"

எங்கட ஆட்கள் அப்படித்தான். நாங்கள் என்னவோ வெள்ளைப் பாலில் குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி. போனை வைத்துவிட்டு அரிசி கழுவினேன்.

கோட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆவணி மாதம் பிள்ளைகள் தெற்கே போகும்போது குளிர்கோட்டைக் கொண்டுபோவதில்லை. அங்கே அது தேவையில்லை, சூட்கேசில் பாதியையும் அது பிடித்துவிடும். ஆகவே போகிற கிழமை ஒவ்வொருவரும் தங்கள் கோட்டைக் கொண்டுவந்து மிஸ்ஸிடம் கொடுப்பார்கள். அறையின் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி. அதில் பெயர்த் துண்டு கட்டித் தொங்கும். மார்கழியில் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது மெல்லிய சட்டையோடு பஸ்ஸால் இறங்குவார்கள். மிஸ் பஸ் நிலையத்தில் இரண்டு கையிலும் கோட்டுகளைக் குவித்துக்கொண்டு நிற்பார். அவருடைய முகம் தெரியாது, மயிர் வைத்த கொலர்களுக்கு மேலே கண்ணாடி மட்டும் தெரியும். கட்டிப்பிடித்துக் கொஞ்சுவதெல்லாம் இல்லை. கோட்டைப் போட்டுவிடுவார், சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிடுவார், அவ்வளவுதான்.

கோட்டைக் கையேற்கும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்பார். அவர் கேட்டு நான் அறிந்த ஒரே சொந்தக் கேள்வி அதுதான்.

"பொக்கற்றுக்க இருக்கிறதை எடுக்கப்போறியோ, தைக்கட்டோ?"

பலர் எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடுவார்கள். பழைய மெற்றோ ரிக்கெற், சுவிங்கம், ஒற்றைக் கையுறை. சிலர், "தைங்கோ மிஸ்" என்பார்கள். மிஸ் தடித்த நூலில் பொக்கற்றின் வாயைக் குறுக்காக ஓடித் தைத்துவிடுவார். கையை உள்ளே விட்டுப் பார்த்ததை நான் ஒருநாளும் காணவில்லை. ஒருமுறை நான் ஒரு கோட்டைத் தோய்க்க எடுத்தபோது பழக்க தோஷத்தில் பொக்கற்றுக்குள் கை போனது. "கையை எடும்" என்றார். அவ்வளவு கடுமையாக அவர் என்னோடு வேறெப்போதும் கதைத்ததில்லை.

இதில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் நடந்தது. அலபாமாவுக்குப் போன ஒரு பெடியன் மாசி மாதத்தில், படிப்பு நடந்துகொண்டிருக்கையில், திடீரென்று வாசலில் வந்து நின்றான். மெல்லிய சட்டை, உதடு நீலம். மிஸ் ஒன்றும் கேட்கவில்லை. கோட்டை எடுத்துப் போட்டுவிட்டார், சூப் வைத்துக் கொடுத்தார். அவன் வெகுநேரம் கதிரையில் இருந்தான். வாயைத் திறப்பான், மூடுவான். நான் மிஸ்ஸைப் பார்க்கிறேன், மிஸ் கடித உறைகளுக்கு முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறார். பிறகு அவன் எழும்பி, "மெர்சி, மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனான். திரும்பிக் கல்லூரிக்குப் போகவேயில்லை.

அவன் இப்போது மச்சாள் வீட்டுக்குக் கிட்ட ஒரு தெப்பனரில், இந்த ஊரில் தெருமுனைக் கடைக்கு அதுதான் பெயர், வேலைக்கு நிற்கிறான். பால் வாங்கப் போனபோது என்னை அடையாளம் கண்டு, "அண்டைக்கு அவ கேப்பா எண்டுதான் இருந்தனான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்" என்றான். இதை நான் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் கரண்டியை எடுக்கவில்லை. அன்றைக்கு முழுக்க அவருக்கு என்ன தட்டச்சுச் செய்து கொடுத்தாலும் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

இனி என் பக்கத்தையும் கொஞ்சம் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். எங்கட ஆட்களுக்குக் 'கேஸ்' என்றால் ஒன்றுதான்: அகதி என்று கேட்டு எழுதிக் கொடுக்கிற கதை. நாங்கள் வந்த காலத்தில் பார்க்-எக்ஸ்ரென்ஷனில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே, கேஸ் எழுதித் தருவதற்கென்றே ஒரு அண்ணை இருந்தார். நல்ல மனிசன். தேத்தண்ணி தந்து இருத்தி வைத்துக் கேட்பார்.

"தங்கச்சி, செத்ததை முதல் பந்தியில போட வேணும். பிடிச்சுக்கொண்டு போனது அதோட. நித்திரை இல்லை, பயம் எண்டதெல்லாம் கடைசிக்கு வரட்டும்."

என் சின்னண்ணை அப்படித்தான் முதல் பந்திக்கு வந்தார். அவரைப் பிடித்துக்கொண்டு போனது, பிறகு உடலைக் காட்டியது. லோயருக்குச் சொன்னேன். டொக்ரருக்குச் சொன்னேன். விசாரணையில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு சொன்னேன். எங்கட வீட்டுக் கேற் என்ன நிறம் என்று கேட்டார்கள். பச்சை என்றேன். போன முறை நீலம் என்று சொன்னீரே என்றார்கள். பச்சைக்கு மேலே நீலம் அடித்தது என்று விளங்கப்படுத்தினேன். அழ வேண்டிய இடத்தில் அழுதேன். பிறகு அழ வேண்டிய இடத்தில் அழுகை வரவில்லை. கேஸ் சரி வந்தது. வீட்டுக்கு வரும்போது மெற்றோவில் இவர், என் கணவர், விம்மி விம்மி அழுதார். நான் எதிரே ஒட்டியிருந்த பற்பசை விளம்பரத்தை வாசித்துக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து சின்னண்ணையின் பெயரை எடுத்தால் எனக்கு ஒன்றுமில்லை. தேய்ந்த சவர்க்காரத் துண்டு மாதிரி அது கையில் இருக்கும், நுரைக்காது.

எஸ்தேர் வந்தது இதற்கெல்லாம் பிறகு. தாய் தகப்பன் ஹெயிற்றியிலிருந்து வந்தவர்கள். எங்கள் தெருவில் தமிழ்ப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்ததால் அவள் என்னை "அக்கா" என்பாள். அவளுடைய அண்ணன் பஸ்ஸுக்கு நிற்கையில் யாருக்கோ வைத்த துப்பாக்கி வெடி பட்டுச் செத்தவன். பேப்பரில் எல்லாம் வந்தது. அவள் எங்களிடம் முதல்முறை வந்தபோது போட்டிருந்தது அவனுடைய கோட்டு. கை நீளம், தோள் இறங்கிக் கிடந்தது.

கல்லூரிக்கு இரண்டு பக்கத்தில் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும். எஸ்தேர் எழுதியது உப்பைப் பற்றி. மாரிக்கு மொன்றியல் தெருக்களில் கொட்டுகிற உப்பு கரைந்து எங்கே போகிறது, பாலத்துக் கொங்கிரீற்றை என்ன செய்கிறது, வேறு என்ன போடலாம். இரசாயனம் படிக்க வேண்டுமாம். கடைசி வரியில்தான், இதையெல்லாம் முதலில் யோசிக்க வைத்தது காலமான என் அண்ணன் என்று இருந்தது. என்னிடம் திருத்தத் தந்தாள். நான் திருத்தினேன். செத்ததை முதல் பந்தியில் போட்டேன். நேரம், இடம், எத்தனை வெடி, தாய் விழுந்து அழுதது. நித்திரை இல்லாததைப் பின்னால் வைத்தேன். உப்பு கடைசிப் பக்கத்தின் அடிக்குப் போய்விட்டது. மரக்கறிக் கடைக்கு மேலே இருந்த அண்ணை கண்டிருந்தால் மெச்சியிருப்பார்.

மிஸ் வாசித்தார்.

"உப்பு எங்க?"

"கடைசியில கிடக்கு, மிஸ்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். இப்போது கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் சொல்ல எல்லாம் ஆயத்தமாகத்தான் இருந்தது, பந்தி பந்தியாக. அவர் கேட்கவில்லை.

"நீர் இதை எஸ்தேருக்காக எழுதேல்லை" என்றார். "சரி, விடும். தேத்தண்ணி போடுவம்."

உப்பை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தார். அது அப்படியே போனது. அங்கே இரசாயனம் படிப்பிக்கிற ஒருவர் தன் கையாலேயே எஸ்தேருக்கு மறுமொழி எழுதினார்: எங்கள் ஊரில் பனியே இல்லை, உன் உப்பைப் பற்றி அறிய ஆவலாயிருக்கிறோம் என்று. எஸ்தேர் தோய்க்கிற அறையில் நின்று துள்ளினாள். இடம் கிடைத்தது. கல்லூரி தந்த உதவி பாதிக்குத்தான் காணும். மிச்சத்துக்கு ஆள் பிடித்தால்தான் அவள் போகலாம்.

எங்களுக்குப் பணம் தருகிறவர்களில் பெரிய கை, இல்-பிசாரில் இருக்கிற ஒரு கட்டடக் கொம்பனிக்காரர். கெட்ட மனிசன் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு ஆனி மாதமும் தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மத்தியானச் சாப்பாடு வைப்பார். ஆற்றைப் பார்த்த தோட்டம், வெள்ளைத் துணி விரித்த மேசைகள். அந்தப் பக்கம் பஸ் குறைவு. மிஸ் ஒரு பழைய வான் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு போவார். சட்டி மூடியும் கூடவே வரும்.

அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு எஸ்தேர் எழும்பி உப்பைப் பற்றிச் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். வீட்டுக்காரர் புன்னகையோடு, "உன் அண்ணனைப் பற்றிப் பேப்பரில் வாசித்தோம். அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லேன். இங்கே இருக்கிறவர்கள் எல்லோருக்கும் அது மனதைத் தொடும்" என்றார். எஸ்தேர் வாயைத் திறந்தாள். டங்.

ஆற்றிலே ஒரு மோட்டார்ப் படகு போன சத்தம் கேட்டது.

"அவள் உப்பைப் பற்றிச் சொல்லி முடிச்சிட்டாள்" என்றார் மிஸ். "கேள்வி இருந்தால் உப்பைப் பற்றிக் கேளுங்கோ."

ஒருவரும் கேட்கவில்லை. கேக் வெட்டினார்கள். போகும்போது வீட்டுக்காரர் எங்கள் கையைக் குலுக்கினார், ஆனால் தருகிற காசைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

வானில் ஏறிக் கதவு பூட்டியதுதான் தாமதம், எஸ்தேர் வெடித்தாள். "நான் சொல்லியிருப்பன் மிஸ்! எனக்குப் போக வேணும். அது என்ர அண்ணா. உங்கட இல்லை. அவனைப் பற்றிச் சொல்லுறதோ விடுறதோ எண்டது என்ர விருப்பம்."

மிஸ் வானை ஓட்டினார். பாலம் தாண்டினதும், "ஓம். உன்ர அண்ணாதான்" என்றார்.

மறுநாள் எஸ்தேர் தானே அந்த மனிதருக்குப் போன் எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். நாலு வருடத்துக்கும் மிச்சத்தைத் தான் கட்டுவதாக அவர் ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு ஆனியும் அவள் வந்து தோட்டத்தில் அதைச் சொல்ல வேண்டும். நிபந்தனை என்று அவர் சொல்லவில்லை. ஆசை என்றார். இதை வந்து சொன்னபோது எஸ்தேர் சண்டைக்குத் தயாராக நின்றாள். எனக்கு அவள் பக்கம்தான் சரியாகப் பட்டது. போக வேண்டியவள் அவள். கதை கிடக்கிறது, பிள்ளை படிக்கட்டும்.

மிஸ் அவளை ஏசவில்லை. ஆவணியில் அவள் அண்ணனின் கோட்டோடு வந்தபோது கையை நீட்டினார்.

"கோட்டைத் தா. பொக்கற்றுக்க இருக்கிறதை எடுக்கப்போறியோ, தைக்கட்டோ?"

எஸ்தேர் இடது பக்கப் பொக்கற்றைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு, "இந்தப் பக்கம் தைங்கோ" என்றாள். மிஸ் அந்த முறை சின்னச் சின்னத் தையலாக, இரட்டை நூலில் தைத்தார்.

மார்கழியில் பஸ் நிலையத்தில் மற்றப் பிள்ளைகள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு பொக்கற்றுக்குள் கையை விட்டார்கள். எஸ்தேர் அறுக்கவில்லை. அந்த விடுமுறை முழுக்க ஒரு கையை வலது பொக்கற்றுக்குள்ளும் மற்றக் கையைக் குளிரிலும் வைத்துக்கொண்டு திரிந்தாள். அடுத்த மாரியும் அப்படித்தான்.

தோட்டத்துச் சாப்பாடு ஆனிக்கு ஆனி நடந்தது. முதல் தடவை எஸ்தேர் சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அடுத்த தடவை முழுவதும் சொன்னாள். அதற்கடுத்த தடவை, பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது என்கிற இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டாள். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அந்த இடைவெளி எனக்குத் தெரியும். விசாரணை அறையில் நானும் விட்டிருக்கிறேன், மொழிபெயர்ப்பாளர் மூச்செடுக்கட்டும் என்று தொடங்கி, பிறகு அது நல்ல இடம் என்று தெரிந்ததால். மிஸ் ஒவ்வொரு முறையும் வந்தார். மூடியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒருமுறைகூட அடிக்கவில்லை.

கடைசி வருடம் வானில் திரும்பி வரும்போது எஸ்தேர் பின்சீற்றில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அக்கா, இப்ப சொல்லேக்க எனக்கு ஒண்டுமே இல்லை. பாடமாக்கினதை ஒப்பிக்கிற மாதிரி. பேந்து வீட்டை போய் அவன்ர படத்தைப் பாத்தாலும் ஒண்டுமில்லை. எனக்கு ஏதும் பிழையோ?"

"பிழை ஒண்டுமில்லை" என்றேன். "எனக்கும் அப்பிடித்தான்."

"உங்களுக்கோ? உங்களுக்கு ஆர்?"

நான் சொல்ல வாயெடுத்தேன். முதல் பந்தி தானாக வந்து நின்றது. அதற்குள் எஸ்தேரே, "கொலிச்சுக்குள்ள என்னை விட்டது உப்பு. காசு கட்டினது அண்ணா" என்று ஒரு சிரிப்புச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. மிஸ் வானைத் தெருவோரம் கொண்டுபோய் நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வந்த கார்க்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான். பிறகு கண்ணாடியைக் கழற்றி உடுப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு வானை எடுத்தார்.

மிஸ் காலமானது போன பங்குனியில். நோய் வருத்தம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தோய்க்கிற அறைக்கு மேலேயே வாழ்ந்த மனுஷி, பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தானே நடந்துபோய்ச் சேர்ந்திருக்கிறார். நான் துப்புரவு செய்கிற மாடிக்கு இரண்டு மாடி மேலே. போய்ப் பார்த்தேன். "ஏன் மிஸ் சொல்லேல்லை?" என்று கேட்டேன். கரண்டி பிடிக்கிற மாதிரி விரலை வைத்துக்கொண்டு கட்டில் கம்பியில் மெல்லத் தட்டினார். மோதிரம் பட்டு 'டிங்' என்றது. எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை.

தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில் எல்லோரும் கூடினோம். போதகர், மிஸ்ஸைப் பற்றி ஒரு கதை சொல்ல விரும்புகிறவர்கள் வாருங்கள் என்றார். ஒருவரும் எழும்பவில்லை. என்ன கதை சொல்வது? ஊர் தெரியாது, கட்டினாரா பிள்ளை பெற்றாரா தெரியாது. பிறகு பின்வரிசையில் ஒருவன் எழும்பித் தன் பெயரைச் சொல்லி, என்ன படித்தான், இப்போது என்ன செய்கிறான் என்று சொல்லிவிட்டு இருந்தான். அடுத்தவள் எழும்பினாள். ஒவ்வொருவராக அப்படியே. தெப்பனர் பெடியனும் வந்திருந்தான். அவன் எழும்பிப் பெயரை மட்டும் சொல்லிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இருந்தான். எல்லோருக்கும் சொன்ன அதே "ஆமென்" அவனுக்கும் கிடைத்தது.

அறையை மாத முடிவுக்குள் விட வேண்டும் என்று எங்கள் கட்டடத்துச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். நானும் எஸ்தேரும் ஒதுக்கினோம். அவள் இப்போது தெற்கிலேயே ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள், செத்த வீட்டுக்கென்று வந்தவள். கம்பியில் அவளுடைய கோட்டு ஒன்றுதான் மிச்சம். இடது பொக்கற்றில் இரட்டை நூல் அப்படியே இருந்தது. மிஸ்ஸின் கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தேன்.

"பொக்கற்றுக்க இருக்கிறதை எடுக்கப்போறியோ, அப்பிடியே கிடக்கட்டோ?"

அவள் கோட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். "இதை மட்டும் நான் அந்தத் தோட்டத்தில சொல்லேல்லை, அக்கா. அம்மாவுக்கும் சொல்லேல்லை. உள்ளுக்க என்னெண்டு கேக்கமாட்டீங்களோ?"

கேட்டால் சொல்லியிருப்பாள். தெப்பனரில் பெடியன் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. கேட்கத்தான் வேண்டுமோ என்று ஒரு கணம் அந்தரப்பட்டேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுடைய கை பொக்கற்றைப் பொத்திக்கொண்டிருந்தது, அன்றைக்குப் பொத்தின அதே மாதிரி. நான் கரண்டியை எடுத்துச் சட்டி மூடியில் ஒரு அடி அடித்தேன்.

எஸ்தேர் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழத் தொடங்கினாள். அப்படி ஒரு அழுகை. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். நான் அவளுடைய முதுகைத் தடவினேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாருடையதோ உடுப்பு மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. மரக்கறிக் கடைக்கு மேலே, கேஸ் எழுதுகையில், சின்னண்ணையைப் பற்றி நான் சொன்ன ஒன்றை அந்த அண்ணை எழுதவில்லை. பேனையை மூடிக்கொண்டு, "இது கேசுக்கு உதவாது தங்கச்சி, விடுங்கோ" என்றார். விட்டுவிட்டேன். லோயருக்கும் சொல்லவில்லை, விசாரணையிலும் சொல்லவில்லை. ஒருவருக்கும் உதவாத சின்ன விஷயம். அது தேயாமல் கிடந்தது. மூக்கு எரிந்தது. கண்ணைத் துடைத்துப் பார்த்தேன், கை ஈரமாக இருந்தது.

எஸ்தேர் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். இன்னும் அவளுக்கு அது பெரிதுதான். நான் மூடியையும் கரண்டியையும் உடுப்புக் கூடைக்குள் வைத்துக்கொண்டு மேலே ஏறினேன். இவர் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "என்னப்பா, என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"சின்னண்ணையை நினைச்சனான்" என்றேன்.

"என்னத்தை நினைச்சனீர்?"

அதை இவருக்கு நான் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.